சிவப்பு டேப் ஒட்டிய பெட்டி

அத்தான் ரொட்டியின் ஓரங்களைப் பிய்த்துத் தட்டின் விளிம்பில் அடுக்க ஆரம்பித்தபோது வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாப்பாட்டு மேசையில் சும்மா இருக்கிற ஆளே அல்ல அவர். ஸ்பூனைக் கியர் கம்பியாக்கி, அன்று காலை நடைபாதையில் வண்டியை ஏற்றிய மாணவர் எப்படிக் கியர் போட்டார் என்று நடித்துக் காட்டுவார். உப்பு டப்பாவையும் தண்ணீர் ஜாடியையும் நடுவில் வைத்து ரிவர்ஸ் பார்க்கிங் பாடம் நடத்துவார். டிரைவிங் ஸ்கூல் வைத்து இருபத்தைந்து வருடம். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அவர் போடுகிற "பிரேக்!" மூன்று தெரு தள்ளிக் கேட்கும் என்பார்கள். அதனால் ஊரெல்லாம் அவருக்குப் பிரேக் வாத்தியார் என்றே பெயர்.

ஆகவே, "சின்னப் பிள்ளை மாதிரி ஓரத்தை ஒதுக்குறாரு பாரு" என்று அக்கா சொன்னதோடு சரி. அடுத்த மாதம் ரொட்டியை சூப்பில் ஊறவைத்தார். அதற்கடுத்த மாதம் ரொட்டியே வேண்டாம், சூப் போதும் என்றார். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர். பெல்ட்டில் ஆணியால் புதிதாக ஓர் ஓட்டை போட்டுக்கொண்டு, "போன இடுப்பு திரும்பி வருதுடி" என்று அக்காவிடம் பெருமை அடித்துக்கொண்டார்.

இதையெல்லாம் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே சாப்பிட்டவள் சின்னவள்; அக்காவின் தங்கை, அவருக்குக் கொழுந்தியாள். வீட்டில் இரண்டே பெண்கள். ஒருத்தி பெரியவள், ஒருத்தி சின்னவள். நாற்பத்திரண்டு வயதாகியும் அவள் சின்னவளாகவே இருந்தாள். அதே வீட்டின் மாடியில் தனியாகக் குடியிருந்தாள். சாப்பாடு மட்டும் கீழே. பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். அதிலும் அவள் நிற்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்காரர்களின் ஆபரேஷனில். நோய் பிடித்த குழாயை வெட்டி எடுக்கும் டாக்டரின் கைக்கு, அவர் வாய் திறப்பதற்கு அரை நொடி முன்னால் சரியான கருவியைக் கொடுப்பதுதான் பதினெட்டு வருடமாக அவள் வேலை. அந்த ஆபரேஷன் மேசையில் அவளை விட்டால் நிற்கத் தெரிந்தவள் நெட்டைச் சிஸ்டர் ஒருத்திதான்.

அப்படிப்பட்டவள் மூன்று மாதம் பார்த்தும் பார்க்காமல் இருந்தாள். பிற்பாடு அவளைப் போட்டு வாட்டியது அதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவித்த முட்டையில் ஒரு துண்டை விழுங்கிய அத்தான், சட்டென்று நிமிர்ந்து, மார்புக்கு நடுவில் ஒரு விரலை ஊன்றிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். கண்ணில் நீர் கட்டியது.

"இங்க நிக்குது. சிக்னல் விழுந்துடுச்சு போல."

அவர் விரல் ஊன்றிய இடத்தைப் பார்த்ததும் சின்னவள் கையிலிருந்த கவளத்தைத் தட்டில் போட்டாள். எத்தனையோ பேர் ஆஸ்பத்திரியில் அதே இடத்தில் அதே மாதிரி விரல் வைப்பதைப் பார்த்திருக்கிறாள்.

"எத்தனை நாளா அத்தான் இப்படி?"

"நாளா? ரொட்டிக்காரன் மாவை மாத்தினதுலேர்ந்து" என்றார் அவர்.

செவ்வாய்க்கிழமை வாய்வழியாகக் கேமரா விட்டுப் பார்த்தார்கள். திரையில் கட்டி தெரிந்தது. குழாயின் நடுப்பகுதியில், வழியை முக்கால்வாசி அடைத்துக்கொண்டு. அதில் கிள்ளியெடுத்த சதைத் துணுக்கில் புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்த அன்று அக்கா அழவில்லை. ரிப்போர்ட்டை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, "அடுத்தது என்னடி?" என்று தங்கையைக் கேட்டாள்.

அடுத்தது ஐந்து வாரம் கதிர்வீச்சும் கீமோவும். கட்டி சுருங்கியது, அத்தானும் சுருங்கினார். தலைமுடி கொட்டியதும் பழைய தொப்பி ஒன்றைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். உடம்பு தேறுவதற்கு ஒன்றரை மாதம் விட்டு, பெரிய டாக்டர் அவரைச் சின்னவளோடு கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார்.

சின்னவள் கருவி எடுத்துக் கொடுக்கும் அந்தப் பெரிய டாக்டர் ஐம்பத்தைந்து வயதுப் பெண்மணி. பேச்சு அளந்துதான் வரும். சிரிப்பு அதைவிடக் குறைவு. ஒரு தாளில் படம் போட்டபடியே சொன்னார்.

"மூணு இடத்துல வேலை. முதல்ல வலது பக்க நெஞ்சு, அப்புறம் வயிறு, கடைசியா கழுத்து."

"மூணு ஸ்டாப்பிங்கா? எக்ஸ்பிரஸ் கிடையாதா?"

டாக்டர் பேனாவை நிறுத்தி அவரை நிமிர்ந்து பார்த்தார். "இருக்கு. உங்க ரூட்ல ஓடுறதில்ல."

அத்தானுக்கு அவரை அந்த இடத்திலேயே பிடித்துப்போய்விட்டது.

"சரிங்க டாக்டர். குழாயை எடுத்துட்டா சாப்பாடு எது வழியாப் போகும்?"

"உங்க வயித்தையே ஒடுக்கிக் குழாய் மாதிரி ஆக்கிடுவோம். அதை நெஞ்சு வழியா மேல இழுத்துக் கழுத்துல இணைச்சுடுவோம்."

"அப்போ வயிறு?"

"வயிறுதான் குழாய். தனியா வயிறுன்னு ஒண்ணு இருக்காது."

அத்தான் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அப்போ பசிக்குதுன்னா நான் எங்க தடவிக் காட்டணும்?"

பெரிய டாக்டர் சிரித்தே விட்டார். பதினெட்டு வருடத்தில் சின்னவள் பார்த்த மூன்றாவது சிரிப்பு அது.

அன்று சாயங்காலம் அத்தான் விடவில்லை. "நீ தினமும் எடுத்துக் குடுக்குற சாமானெல்லாம் எப்படி இருக்கும்? சொல்லு" என்று நச்சரித்தார். சின்னவள் ஒரு செருப்புப் பெட்டியை எடுத்தாள். பக்கவாட்டில் நான்கு ஓட்டை போட்டாள். உள்ளே துணிக் கயிறு ஒன்றை நீளவாக்கில் ஒட்டி மூடினாள்.

"இது உங்க நெஞ்சு. கயிறு உணவுக்குழாய். ஒரு ஓட்டையில கேமரா. மத்ததுல கருவி. எல்லாம் இவ்வளவு நீளம், பென்சில் தடிமன். ஒண்ணு பிடிக்கும். ஒண்ணு வெட்டும், வெட்டும்போதே ரத்தக்குழாயைச் சூட்டுல ஒட்டி மூடிடும். சின்னதா ஒரு விசில் சத்தம் வரும். அது நின்னா வெட்டியாச்சுன்னு அர்த்தம்."

"வயித்தை எப்படி ஒடுக்குவீங்க?"

"ஸ்டேப்ளர்."

"பேப்பருக்கு அடிக்கிறதா?"

"அதோட பெரியப்பா. ஒரு தடவை அழுத்தினா ரெண்டு பக்கமும் மூணு மூணு வரிசை பின் விழும்; நடுவுல கத்தி ஓடும். தைக்கிறதும் வெட்டுறதும் ஒரே நேரத்துல. உங்க வயித்துக்கு அஞ்சாறு தடவை அழுத்தணும். ஒவ்வொரு தடவையும் நாங்க புதுசு லோட் பண்ணிக் குடுப்போம்."

அத்தான் இரண்டு நீளக் குச்சிகளை ஓட்டைகளில் விட்டு, உள்ளே இருக்கும் கயிற்றில் ஒரு முடிச்சுப் போட முயன்றார். கால் மணி நேரம் வியர்த்து விறுவிறுத்துப் பார்த்துவிட்டு, "உங்க டாக்டருக்கு லைசென்ஸ் குடுத்துடலாம்" என்று குச்சிகளைக் கீழே வைத்தார்.

சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அக்கா கேட்டாள். "மூடியைத் திறந்துட்டு எடுத்தா சுலபமாப் போச்சே?"

"அப்படியும் செய்வாங்க அக்கா. ஆனா அதுக்கு விலா எலும்பை அகட்டிப் பிடிக்கணும். ரிப் ஸ்ப்ரெடர்னு ஒண்ணு இருக்கு. திருகத் திருக விரியும். அப்புறம் மூச்சு விடுறதே வலி. இருமினா வலி. சளி கட்டும், நிமோனியா வரும். ஓட்டை வழியா முடிஞ்சா அதுதான் நல்லது."

"சரி. ஓட்டை வழியாவே முடியட்டும்" என்றாள் அக்கா, தீர்ப்புச் சொல்வது போல.

மறுநாள் சின்னவள் பெரிய டாக்டரின் அறைக்குப் போய் நின்றாள். அத்தானின் கேஸில் தானே நிற்க வேண்டும் என்று கேட்டாள்.

"முடியாது."

"என் கை நடுங்காது டாக்டர்."

"உங்க கை நடுங்காது. எனக்குத் தெரியும்." டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆனா முகமூடிக்கு மேல உங்க கண்ணு தெரியும்ல? ஏதாவது தப்பாப் போனா நான் அந்தக் கண்ணைப் பார்ப்பேன். அப்போ என் கை நடுங்கும். வெளியில உங்க அக்காகூட இருங்க."

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மாலை சின்னவளே கருவிகளை எண்ணித் தட்டுகளில் அடுக்கினாள். நீளக் கருவிகள் ஒரு தட்டு. ஸ்டேப்ளர்கள் தனி. நெஞ்சைத் திறக்க நேர்ந்தால் என்று ஒரு தட்டு எப்போதும் அறைக்குள்ளேயே இருக்கும். பெரும்பாலும் கட்டுப் பிரிக்காமலே திரும்பி வரும். இதைத் தவிர இன்னொரு பெட்டி உண்டு. பெரிய ரத்த நாளம் கிழிந்தால் அதைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்புகள் உள்ள பெட்டி. பச்சைத் துணியில் கட்டி, மேலே குறுக்காகச் சிவப்பு டேப் ஒட்டி, தாழ்வாரத்தின் கடைசியில் கருவிகளைச் சுத்தம் செய்யும் அறையில் வைத்திருப்பார்கள். எல்லாத் தியேட்டர்களுக்கும் சேர்த்து அந்த ஒன்றுதான். வருடத்துக்கு இரண்டு தடவை வெளியே வந்தால் அதிகம்.

காலை ஏழரைக்கு அத்தானைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவருகே மயக்க டாக்டர் வந்து நின்றார். நடுத்தர வயது, கொஞ்சம் தொப்பை.

"என்னைத் தெரியுதா மாஸ்டர்?"

அத்தான் படுத்தபடியே உற்றுப் பார்த்தார். "அட, பழக்கடையில வண்டியை விட்டவரு! ரெண்டு தடவை ஃபெயில்."

"மூணு தடவை."

"ஐயையோ. என்னைத் தூங்க வைக்கப் போறது நீங்களா?"

"இந்த வண்டி எனக்கு நல்லாவே ஓட்டத் தெரியும் மாஸ்டர்" என்றார் மயக்க டாக்டர். அத்தான் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். அக்காவின் கையில் அவருடைய தொப்பி இருந்தது.

சின்னவள் அந்தக் காத்திருப்புக் கூடத்தைத் தினமும் கடந்து போயிருக்கிறாள். அங்கே உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. உட்கார்ந்த பிறகுதான் நாற்காலிகள் ஒன்றோடொன்று பிணைத்துப் பொருத்தப்பட்டவை என்று தெரிந்தது. கடைசியில் ஒருவர் எழுந்தால் முதலில் இருப்பவர் ஆடிப்போவார். எதிர்ச் சுவரில் கடிகாரம். அதற்குக் கீழே தியேட்டரின் இரட்டைக் கதவு. கதவுக்கு இந்தப் பக்கம் தாழ்வாரம் நீண்டு போனது.

மற்றவர்களுக்கு அந்தக் கடிகாரம் வெறும் கடிகாரம். அவளுக்கு அப்படி இல்லை. எட்டே காலுக்கு மயக்கம் முடிந்திருக்கும். வலது நுரையீரலை மட்டும் காற்றிறக்கிச் சுருக்கியிருப்பார்கள். எட்டு ஐம்பதுக்கு முதல் ஓட்டை. ஒன்பதரைக்குக் குழாயின் குறுக்கே ஓடும் தடித்த நாளத்தைக் கட்டி வெட்டியிருப்பார்கள். பத்தரைக்குள் குழாயைச் சுற்றிலும் விடுவித்து, பக்கத்து நெறிக்கட்டிகளையும் வழித்தெடுத்துவிட்டு, நெஞ்சிலிருந்து வெளியே வந்திருப்பார்கள்.

"இப்போ என்ன நடக்குது?" என்று அக்கா பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்டாள். சின்னவளும் சொல்லிக்கொண்டு வந்தாள். அப்படிச் சொல்வது இருவருக்குமே தெம்பாக இருந்தது. அக்கா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சின்னவள் கீழே போய் டீயும் ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் வாங்கி வந்து அவள் கையில் திணித்தாள்.

பத்து நாற்பதுக்கு இரட்டைக் கதவு படாரென்று திறந்தது. தியேட்டர் உதவியாளர் ஒருவர் வெளியே வந்து தாழ்வாரத்தின் கடைசியை நோக்கி ஓடினார். அந்த இடத்தில் யாரும் ஓட மாட்டார்கள். ஓடக் கூடாது என்று சுவரிலேயே எழுதியிருக்கும். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. திரும்பி வந்தார். இரண்டு கைகளிலும் ஏந்திப் பிடித்திருந்தது பச்சைத் துணி கட்டிய பெட்டி. மேலே குறுக்காகச் சிவப்பு டேப்.

சின்னவளுக்கு அது எந்தப் பெட்டி என்று தெரியும். அந்த டேப்பை ஒட்டியது அவள்தான். தேதி எழுதியதும் அவள் கையெழுத்துதான்.

உள்ளே இன்னும் நான்கு தியேட்டர்கள் இருக்கின்றன, வேறு யாருக்காவது இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தாள். அப்போது மாடிப்படியில் இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தார் இதய அறுவை டாக்டர். போகிற போக்கில் அவளைப் பார்த்தார். பார்த்ததும் பார்வையைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதற்கு மேல் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. பின்னாலேயே ரத்த வங்கியின் நீலப் பெட்டியும் போயிற்று.

நெஞ்சு வேலை இன்னும் முடியவில்லை; அங்கே பெரிய நாளம் கிழிந்துவிட்டது. கதிர்வீச்சுப் பட்ட இடம். எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்திருக்கும். கேமராவில் திரை முழுக்கச் சிவப்பாகியிருக்கும். இந்நேரம் நெஞ்சைத் திறந்திருப்பார்கள். நெட்டைச் சிஸ்டர் ரிப் ஸ்ப்ரெடரைக் கொடுத்திருப்பாள். பெரிய டாக்டர் கிழிந்த இடத்தை விரலால் அழுத்திக்கொண்டு கிளாம்புக்காக மறு கையை நீட்டிக்கொண்டிருப்பார். அந்தக் கையில் கிளாம்பைச் சட்டென்று வைக்க வேண்டியவள் இங்கே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்.

"என்ன பெட்டிடி அது? அந்த ஆள் ஏன் அப்படி ஓடுறாரு?" என்றாள் அக்கா.

"வேற ரூமுக்கு" என்றாள் சின்னவள். "நம்மளது இல்ல."

"இப்போ நம்மளது எதுவரைக்கும்?"

"நெஞ்சு முடிஞ்சிருக்கும். வயித்துக்கு வந்திருப்பாங்க. நீ பிஸ்கட்டைச் சாப்பிடு."

அக்கா அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பாக்கெட்டைப் பிரித்து, ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்து மென்றாள். சின்னவள் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்து உள்ளே ஓடிவிடலாமா என்று கால்கள் பரபரத்தன. அடையாள அட்டை பையில்தான் இருந்தது. காட்டினால் கதவு திறக்கும். திறந்தால் பெரிய டாக்டர் அவள் கண்ணைப் பார்ப்பார். உட்கார்ந்தே இருந்தாள்.

பதினொன்றரை ஆயிற்று. பன்னிரண்டரை ஆயிற்று. அக்கா கேட்கும்போதெல்லாம் சின்னவள் எதையோ சொன்னாள். சொல்லச் சொல்ல அக்கா கேட்பது குறைந்தது. ஒரு மணிக்கு மேல் அவள் எதுவுமே கேட்கவில்லை.

நாலு மணிக்குச் சற்று முன்னால் பெரிய டாக்டர் வெளியே வந்தார். தொப்பி நெற்றியில் பதிந்த தடம் சிவந்திருந்தது. அக்கா எழுந்த வேகத்தில் நாற்காலி வரிசையே ஆடியது.

"உயிரோட இருக்காரு" என்றுதான் டாக்டர் ஆரம்பித்தார். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். பெரிய நாளம் ஒன்று கிழிந்துவிட்டது, நெஞ்சைத் திறக்க வேண்டியதாயிற்று, நாலு பாட்டில் ரத்தம் ஏற்றினோம், கிழிந்ததைத் தைத்துவிட்டோம். கட்டி இருந்த குழாயை முழுசாக எடுத்துவிட்டோம். வயிற்றைக் குழாயாக்கி மேலே கொண்டுவந்து இணைத்தாயிற்று. இன்றைக்கு ஒரு நாள் வென்டிலேட்டரில் இருப்பார்.

"எத்தனை மணிக்கு ரத்தம் வந்துச்சு?" என்றாள் அக்கா. டாக்டர் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை.

"பத்தரைக்கு மேல."

அக்கா டாக்டருக்குக் கைகூப்பி நன்றி சொன்னாள். அவர் போகும்வரை நின்றாள். பிறகு தங்கை பக்கம் திரும்பினாள்.

"உனக்குத் தெரியும்."

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். "தெரியும்."

"அவரு அங்க ரத்தத்துல கிடக்குறாரு. நீ என்னை பிஸ்கட் தின்ன வெச்சே."

"அக்கா, நீ பயந்துடுவேன்னு..."

"பயந்திருப்பேன். பயப்படுறதுக்குக்கூட எனக்கு உரிமை இல்லையா? அவரு போயிருந்தா, நான் எதை மென்னுக்கிட்டு இருந்தேன்னு என் ஆயுசுக்கும் நெனச்சுக்கிட்டு இருப்பேனே."

அதோடு பேச்சு நின்றது. ஐந்து நாள் அக்கா தங்கையிடம் வாயே திறக்கவில்லை. சாப்பாட்டை மாடிப்படியில் மூடி வைத்துவிட்டுப் போனாள். ஐ.சி.யு.வில் ஒரே கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. மறுநாள் மாலை அத்தானின் வாயிலிருந்து வென்டிலேட்டர் குழாயை எடுத்தார்கள். நெஞ்சில் ஒரு குழாய், கழுத்தில் ஒன்று, மூக்கில் ஒன்று, வயிற்றுப் பக்கம் நேரே குடலுக்கு உணவு செலுத்த ஒன்று. அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கரகரவென்று கிசுகிசுத்தார்.

"வயர் எனக்குத்தானே புடுங்கினாங்க? நீங்க ஏன் கனெக்ஷன் இல்லாம நிக்கிறீங்க?"

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஆனாலும் தங்கை பக்கம் திரும்பவில்லை.

ஆறாம் நாள் காலை டூட்டிக்கு முன்னால் சின்னவள் வார்டுக்குப் போய் அத்தானின் கழுத்துக் கட்டைப் பார்த்தாள். தையலைச் சுற்றித் தோல் சிவந்து, தொட்டால் சுட்டது. மெல்ல அழுத்தினாள். தையல் இடுக்கில் ஒரு சொட்டு வெளியே வந்தது. நுரைத்த எச்சில். விழுங்கிய எச்சில் கழுத்து வழியாக வெளியே வருகிறது என்றால், புதிதாக இணைத்த இடம் ஒழுகுகிறது.

வார்டு டாக்டருக்குச் சொல்லி அனுப்பினாள். பிறகு வாசலில் முகம் கழுவிக்கொண்டிருந்த அக்காவிடம் போனாள். யோசிக்கவில்லை, யோசித்தால் வாய் வராது என்று தெரியும்.

"அக்கா, இணைப்பு ஒழுகுது."

அக்கா தண்ணீர்க் குழாயை மூடினாள். "அப்படின்னா?"

"கழுத்துல தைச்ச இடம் சரியா ஒட்டல. இப்போ தையலைப் பிரிச்சுக் காயத்தைத் திறந்து விடுவாங்க. எச்சில் அந்த வழியா வரும். பார்க்க நல்லா இருக்காது. நெஞ்சுக்குள்ள இறங்காம இருந்தா பிழைச்சுக்கலாம். பெரும்பாலும் தானா மூடிடும். மூணு வாரமும் ஆகலாம், ஆறு வாரமும் ஆகலாம். அதுவரைக்கும் வாயில ஒரு சொட்டுத் தண்ணிகூடக் கிடையாது."

"நெஞ்சுக்குள்ள இறங்கினா?"

"ஆபத்து. திரும்ப ஆபரேஷன் பண்ணணும். தாங்குவாரான்னு எனக்குத் தெரியாது அக்கா."

அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள். "இதை என்கிட்டதான் முதல்ல சொல்றியா?"

"வார்டு டாக்டருக்குச் சொல்லியாச்சு. அடுத்தது நீதான்."

"சரி. நான் என்ன செய்யணும்?"

அந்தக் கேள்விக்குச் சின்னவளுக்குக் கண் கலங்கியது. ஆபரேஷன் அன்றே செய்திருக்க வேண்டியதை இப்போது செய்தாள்; அக்காவின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "போடி" என்றாள் அக்கா. ஆனால் தள்ளவில்லை.

ஸ்கேனில் நெஞ்சு சுத்தமாக இருந்தது. கசிவு கழுத்தோடு நின்றிருந்தது. அன்றிலிருந்து நாளுக்கு மூன்று தடவை காயத்தைக் கழுவிக் கட்டு மாற்றும் வேலை. முதல் இரண்டு நாள் நர்சுகள் செய்தார்கள். மூன்றாம் நாள் அக்கா கையுறை மாட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். ஐந்தாம் நாள் தானே செய்தாள். வயிற்றுக் குழாயில் சத்துக் கரைசல் எத்தனை சொட்டு போகிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். ஒரு நர்ஸ் வேகத்தைக் கூட்டி வைத்தபோது, "மெதுவா விடுங்க, அவருக்கு வயித்தைப் பிசையும்" என்று அவளைத் திருத்தினாள். "அக்கா இங்கேயே வேலைக்குச் சேர்ந்துடுங்க" என்று நெட்டைச் சிஸ்டர் கேலி செய்தாள்.

அத்தான்தான் சோர்ந்துபோனார். பேச்சு மனிதர், குரல்நாண் நரம்பு கொஞ்சம் அடிபட்டிருந்ததால் குரல் காற்றாகத்தான் வந்தது. தாகம் வேறு. கசிவு தொடங்கிப் பத்தாம் நாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "போதும், விட்டுடுங்க" என்றார்.

அக்கா கட்டிலைச் சுற்றி அந்தப் பக்கம் போய், சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் இடுங்கி நின்றுகொண்டாள். "இந்தப் பக்கமும் நான்தான் இருக்கேன். எங்க திரும்புவீங்க?"

அவர் அவள் பக்கம் கையை நீட்டினார்.

இருபத்து மூன்றாம் நாள் சாய எக்ஸ்ரே எடுத்தார்கள். விழுங்கிய சாயம் கழுத்தைத் தாண்டி, புதுக் குழாய் வழியே, ஒரு சொட்டுக்கூட வெளியே சிந்தாமல் இறங்குவது திரையில் தெரிந்தது. பெரிய டாக்டர் ஒரு டம்ளரில் கால்வாசித் தண்ணீர் ஊற்றி அவர் கையில் கொடுத்தார். அத்தான் முதல் மடக்கை வாயிலேயே வெகுநேரம் வைத்திருந்தார். விழுங்கினார். காத்திருந்தார். மார்புக்கு நடுவில் எங்கும் எதுவும் நிற்கவில்லை.

"போயிடுச்சு" என்றார் காற்றுக் குரலில். "சும்மா சர்ருன்னு போயிடுச்சு."

வெட்டியெடுத்த குழாயின் ரிப்போர்ட்டும் அந்த வாரமே வந்தது. ஓரங்களில் நோய் இல்லை. எடுத்த இருபத்தாறு நெறிக்கட்டிகளில் ஒன்றில் மட்டும் இருந்தது. "ஒண்ணு இருக்கு. அதனால கண்காணிப்புல இருக்கணும். ஆனா பயப்படுற அளவுக்கு இப்போ ஒண்ணும் இல்ல" என்று சின்னவள் அக்காவுக்கு வரிக்கு வரி படித்துக் காட்டினாள். ஒரு வரியையும் விடவில்லை.

எட்டு மாதத்தில் அத்தான் டிரைவிங் ஸ்கூலுக்குத் திரும்பினார். ஒரு நாளைக்கு ஆறு வேளை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும். படுக்கும்போது தலைமாட்டில் மூன்று தலையணை வேண்டும். இல்லாவிட்டால் சாப்பிட்டது மேலே வந்துவிடும். வலது விலாவில் மழைக்காலத்தில் வலி. சத்தம் போட முடியாது என்பதால் மாணவர்களிடம் மெதுவாகப் பேசப் பழகிக்கொண்டார். முன்பைவிட இப்போதுதான் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள் என்று அவரே ஆச்சரியப்பட்டார்.

சின்னவள் தன் மேசைக்குத் திரும்பினாள். திரும்பிய முதல் வாரமே பெரிய டாக்டரிடம் ஒன்று கேட்டாள். உள்ளே திட்டம் மாறினால், வெளியே இருப்பவர்களிடம் அப்போதே யாராவது போய்ச் சொல்ல வேண்டும்.

"யார் போறது? எல்லார் கையும் வேலையில இருக்குமே."

"மேசையில நான் இருந்தா, மேசைக்கு வெளியில சாமான் எடுத்துக் குடுக்குற நர்ஸ் போவாங்க. நெட்டைச் சிஸ்டர் மேசையில இருந்தா நான் போறேன். ரெண்டு நிமிஷம் போதும் டாக்டர்."

"என்ன சொல்லுவீங்க?"

"நடந்ததை."

இரண்டு மாதம் அதற்குத் தேவை வரவில்லை. ஒரு புதன்கிழமை வந்தது. தையல்காரர் ஒருவரின் ஆபரேஷன். உள்ளே எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்ததால் நெஞ்சைத் திறக்க முடிவானது. நெட்டைச் சிஸ்டர் மேசையில் நின்றாள். சின்னவள் முகமூடியைக் கழற்றிவிட்டு இரட்டைக் கதவைத் தள்ளிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். தையல்காரரின் மனைவியும் மகளும் ஒரு சால்வையை இருவர் மடியிலும் விரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவளைப் பார்த்ததும் இருவரும் எழப்போனார்கள்.

"உட்காருங்க. அவரு நல்லா இருக்காரு, ஆபரேஷன் நடந்துக்கிட்டுதான் இருக்கு" என்று அவர்களுக்கு நடுவே இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தாள் சின்னவள். "ஆனா ஒரு மாற்றம். அதை உங்ககிட்டச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."